மருந்தடிக்காத புல்

1

போன மாதம் எங்கள் விருந்தினர் விடுதியில் ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. அந்தமானின் வெவ்வேறு தீவுகளில் அரசுத் தோட்டங்களில் வேலை பார்க்கிறவர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். லாங் ஐலண்டிலிருந்து வந்தவர் ஒரு நோட்டும் இரண்டு பேனாவும் வைத்திருந்தார். கேம்பல் பேயிலிருந்து வந்தவர் கப்பல் ஆட்டத்தில் வாந்தியெடுத்த முகத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். புதிதாக வந்திருக்கும் இளம் அதிகாரி என்னை முன்னால் கூப்பிட்டு நிறுத்தி, இவர்தான் செல்லதுரை, ஒரு பிடி யூரியா, ஒரு சொட்டு மருந்து இல்லாமல் இந்த லானை வைத்திருக்கிறவர், எப்படி என்று அவரே சொல்வார் என்று இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

பத்து நிமிஷம் பேசினேன். மக்கு உரம், மீன் அமிலம், புல்லை எவ்வளவு உயரத்தில் வெட்டுவது, தண்ணீர் எப்போது விடுவது என்று தெரிந்ததையெல்லாம் சொன்னேன். லாங் ஐலண்டுக்காரர் எழுதிக்கொண்டே நிமிர்ந்து, "மருந்தை ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டார்.

"மண்ணுக்கு நல்லது" என்றேன்.

கை தட்டினார்கள். நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. அந்தக் காரணத்தை இந்தியில் சொல்ல எனக்கு இன்றைக்கும் பயம். ஊரில் இருக்கிற உங்களுக்குத் தமிழில் எழுதினால் ஒரு வார்த்தையும் பிசகாது என்கிற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

2

என் வேலையைச் சொன்னால் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். எங்கள் காட்டில் புல் என்பது கொத்தி எறிய வேண்டிய சாமான். மிளகாய்ச் செடிக்கு நடுவில் ஒரு அருகம்புல் தலை காட்டினால் அப்பா குனிந்து வேரோடு பிடுங்கி வரப்பில் எறிவார். அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவன் இருபத்திரண்டு வருஷமாக அரசாங்கச் சம்பளத்தில் புல் வளர்க்கிறேன். என் மச்சான் போனில் இன்றைக்கும் விடமாட்டான்.

"ஏன் மாப்ளே, கடல் தாண்டிப் போயி புல்லுக்குத் தண்ணி ஊத்துறியே, இங்க நெல்லுக்கே தண்ணி இல்லடா!"

வந்தது கட்டட வேலைக்கு. ஒரு கான்ட்ராக்டர் மேஸ்திரி எங்கள் ஊரிலிருந்து எட்டுப் பேரைக் கூட்டி வந்தார். வேலை முடிந்ததும் ஆறு பேர் கப்பலேறித் திரும்பினார்கள். நான் தினக்கூலியாக இந்த விடுதியில் சேர்ந்து, ஒன்பது வருஷம் கழித்து நிரந்தரமானேன். வேலைப் புத்தகத்தில் ‘மாலி’ என்று எழுதினார்கள். இந்தியில் தோட்டக்காரன். என் மனைவி பஞ்சவர்ணத்தின் அம்மா அதைக் கேட்டுவிட்டு, மாப்பிள்ளைக்கு ஏதோ மாலை கட்டுகிற வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்.

வீடு பாம்பூஃப்ளாட்டில். காலையில் ஃபெரி ஏறி சாத்தாமில் இறங்கி, அங்கிருந்து பஸ். விடுதி ஒரு மேட்டின் மேல் கடலைப் பார்த்து இருக்கிறது. அதன் முன்னால் கிட்டத்தட்ட அரை ஏக்கர் லான். அகல இலைப் புல். இங்கே எல்லோரும் கார்பெட் புல் என்பார்கள். மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரைக்கும் விட்டுவிட்டுப் பெய்யும். அதற்குப் பிறகு நான்கு மாதம் வெயில். குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டையும் தாங்கி அந்தப் புல் பச்சையாக நிற்க வேண்டும், ஏனென்றால் ஜனவரி இருபத்தாறு சாயங்கால விருந்து அதன்மேல்தான் நடக்கும்.

பச்சைக்கு அப்போது எனக்குத் தெரிந்த வழி யூரியா. போட்ட ஐந்தாம் நாள் கண் கூசுகிற பச்சை வரும். மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துத் தலையசைப்பார். மூன்று வாரத்தில் வெளுக்கும். மறுபடி போடுவேன். புல்லைத் தரையோடு தரையாக வழித்து வெட்டினேன், கம்பளம் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. மண் வருஷத்துக்கு வருஷம் இறுகியது. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடியது. அது எனக்குக் கண்ணில் பட்டது, ஆனால் யோசிக்கவில்லை.

3

அங்கே துப்புரவு வேலை பார்க்கிறவர் எத்வாரி. ராஞ்சிக்காரர். ராஞ்சிப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்திலேயே மரம் வெட்ட இங்கே கூட்டி வரப்பட்ட குடும்பம். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர் என்று சொன்னார். என் வயதுதான். நான் ‘தீதி’ என்பேன், அக்கா என்ற மரியாதையில். அவர் என்னை ‘அண்ணா’ என்பார். இங்கே தமிழ் ஆட்கள் எல்லோருமே மற்றவர்களுக்கு அண்ணாதான்.

அவர் கான்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை பெயர்ப்பட்டியல் புதுப்பிக்கப்படும். இருக்கிறோமா இல்லையா என்பது அன்றைக்குத்தான் தெரியும். விடுதிக்குப் பின்பக்கச் சரிவில் வீடு. புருஷன் இல்லை. மூன்று ஆடுகள். நான் மெஷினில் வெட்டிக் குவிக்கிற புல்லை ஒரு சாக்கில் அடைத்துக்கொண்டு போவார். ஓரங்களில் மெஷின் போகாத இடத்தை அரிவாளால் அவரே அறுத்துவிடுவார். எனக்கும் வேலை மிச்சம். ஏழெட்டு வருஷமாக அப்படித்தான் நடந்தது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், செப்டம்பரில், லானின் நடுவில் மஞ்சள் திட்டு விழுந்தது. ஒரு வாரத்தில் பாய் அகலம் ஆகிவிட்டது. கையால் இழுத்தேன். புல் பாயைச் சுருட்டுகிற மாதிரி அப்படியே சுருண்டு வந்தது. அடியில் வேரே இல்லை. சி எழுத்துப் போல வளைந்து கிடந்த வெள்ளைப் புழுக்கள் வேரை மொத்தமாகத் தின்றிருந்தன. ஒரு சாண் சதுரத்தில் பதினேழு எண்ணினேன்.

மேனேஜர் வந்து பார்த்தார். ஸ்டோரிலிருந்து ஒரு டப்பா கொடுக்கச் சொன்னார். மேலே மண்டை ஓடு படம். நான் முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு ஒரு புதன்கிழமை மத்தியானம் லான் முழுக்க அடித்தேன். அன்றைக்கு எத்வாரி லீவு.

4

வியாழக்கிழமை காலை. நான் ஃபெரியைத் தவறவிட்டு அடுத்ததில் வந்து, மூச்சு வாங்க மேட்டில் ஏறிக்கொண்டிருந்தேன். எத்வாரி கேட்டருகில் துடைப்பத்தோடு நின்றார். மருந்தடித்த அடையாளத்துக்கு நான் லானில் கொடி நட்டிருப்பதைப் பார்த்து என்ன என்று கேட்டார்.

இந்தியில் ‘கல்’ என்று ஒரு வார்த்தை. நம் ஊர்க் கல் இல்லை. அவர்களுக்கு நேற்றும் கல்தான், நாளையும் கல்தான். எது என்பது பின்னால் வருகிற வினைச்சொல்லில் இருக்கிறது. ‘கல் மாரா’ என்றால் நேற்று அடித்தேன். ‘கல் மாரேகா’ என்றால், நாங்கள் இங்கே பேசுகிற இந்தியில், நாளை அடிப்பேன். பத்தொன்பது வருஷமாக நான் அந்த மொழியில் மீன் வாங்கியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ரேஷன் கார்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு நடந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்.

"கல் தவாய் மாரேகா, தீதி. காஸ் மத் லேனா."

மருந்து அடிப்பேன், புல்லை எடுக்காதே. சொல்ல நினைத்தது நேற்று. சொன்னது நாளை.

அவருக்கும் இந்தி வீட்டு மொழி கிடையாது. வீட்டில் அவர்கள் பேசுவது சாத்ரி. இருந்தாலும் அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நாளைக்கு மருந்து அடிக்கப்போகிறான், நாளையிலிருந்து எடுக்கக் கூடாது. அப்படியென்றால் இன்றைக்கே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும். நான் பின்பக்கம் நாற்றங்காலில் வேலையாக இருந்தபோது முன்பக்க ஓரத்தை அறுத்து ஒன்றுக்கு இரண்டு சாக்காக எடுத்துப் போயிருக்கிறார்.

மூன்று மணிக்கு அவருடைய பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்து கூப்பிட்டாள். நானும் பின்னாலேயே போனேன். ஒரு ஆடு ஏற்கெனவே விறைத்துக் கிடந்தது. இன்னொன்று காலை உதைத்துக்கொண்டு, வாயில் நுரை. மூன்றாவது குட்டி ஆடு நிற்க முடியாமல் நடுங்கியது. எத்வாரி அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு வாயைத் துணியால் துடைத்தபடி இருந்தார். சாக்கில் பாதிப் புல் மிச்சம் இருந்தது. அந்த வாடை எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

கால்நடை டாக்டர் ஆட்டோவில் வந்து ஊசி போட்டார். இரண்டாவது ஆடு அதற்குள் போய்விட்டது. குட்டி பிழைத்தது. டாக்டர் புல்லை முகர்ந்து பார்த்து, விஷம் என்றார். எங்கே அறுத்தது என்று கேட்டார்.

எத்வாரி என்னைப் பார்த்தார். "அண்ணா, நாளைக்குத்தானே அடிக்கிறதாகச் சொன்னாய்?"

 ஆடுகளைப் புதைக்க மண்வெட்டி எடுத்து வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். டாக்டர் சொன்னபடி ஆழமாக, வேலிக்கு வெளியே குழி வெட்டினேன். அன்று சாயங்காலம் முழுக்க என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

5

டாக்டர் எழுதிய சீட்டு ஆபீசுக்கு வந்துவிட்டது. மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன். பேப்பர் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

"நீ அவளை எச்சரித்தாயா இல்லையா?"

"சொன்னேன் சார்."

"எடுக்காதே என்று சொன்னாய்?"

"சொன்னேன்."

"போதும். அதை எழுதிக் கொடு. புல் அரசாங்கச் சொத்து. அவள் சொல்லச் சொல்லக் கேட்காமல், அனுமதியில்லாமல் எடுத்திருக்கிறாள். திங்கட்கிழமைக்குள் வேண்டும். இந்தியில்."

பட்டியல் புதுப்பிப்பதற்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ‘அனுமதியில்லாமல்’ என்று ஒரு வரி கோப்பில் ஏறினால் எத்வாரியின் பெயர் அடுத்த பட்டியலில் இருக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்கு இந்தி பேச வரும், எழுத வராது. வீட்டில் எழுதுகிற ஆள் என் மகள் நிவேதா. அப்போது போர்ட் பிளேயரில் காலேஜ் கடைசி வருஷம். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே. பள்ளிக்கூடம் இந்தி, சிநேகிதிகள் பெங்காலி, தெலுங்கு. எங்களோடு தமிழ் பேசுவாள், ஆனால் நடுவில் இந்தி வந்து குந்திக்கொள்ளும். தமிழ் எழுத்தை பஸ் போர்டு அளவுக்கு, எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். முதுகுளத்தூரை அவள் ஊர் என்று சொல்லமாட்டாள். ‘மெயின்லேண்ட்’ என்பாள், ஏதோ வெளிநாடு மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் இந்தியில் எழுதினாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்பா, நீங்க அவங்ககிட்ட எக்ஸாக்டா என்ன சொன்னீங்க? அந்த ஷப்த் அப்படியே சொல்லுங்க."

"கல் தவாய்..."

"கல் தவாய் மாராவா, மாரேகாவா?"

பஞ்சவர்ணம் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது.

"மாரேகா" என்றேன்.

நிவேதா பேனாவை வைத்துவிட்டாள். "அது டுமாரோப்பா."

"தெரியும்."

"அப்போ தப்பு ஆன்ட்டி மேல இல்ல."

"இல்ல."

"மேனேஜருக்கு நான் என்ன எழுதறது? சும்மா ‘நான் எச்சரித்தேன்’னு எழுதினா போதும். அதுவும் சச் தான், பொய் இல்ல. யாரும் கேக்க மாட்டாங்க."

அவள் என்னைச் சோதிக்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். அப்பாவின் வேலை போய்விடக் கூடாது என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. அவள் காலேஜ் முடிக்க இன்னும் முக்கால் வருஷம் இருந்தது.

பஞ்சவர்ணம் ஈரக்கையோடு வந்து நின்றாள். "ரெண்டு உசுரு போயிருக்கு. அந்தம்மா இன்னும் நாமதான் தப்பாக் கேட்டுட்டோம்னு அழுதுக்கிட்டு இருக்கும். உள்ளத எழுதச் சொல்லுங்க."

உள்ளதை எழுதினோம். நேற்று என்று சொல்வதற்குப் பதிலாக நாளை என்று பொருள்படும்படி சொல்லிவிட்டேன், அதனால் அவர் புல் எடுத்தார், தவறு என்னுடையது. நிவேதா மூன்று முறை அடித்து எழுதி, கடைசியில் சுத்தமாகப் பிரதி எடுத்தாள். நான் கீழே தமிழில் கையெழுத்துப் போட்டேன். இந்தியில் போடத் தெரியாமல் இல்லை. அன்றைக்குக் கை அப்படிப் போனது.

மேனேஜர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "உன்னைக் கேம்பல் பேக்கு மாற்றினால் என்ன செய்வாய்?" என்றார். அது தெற்குக் கோடியில், வீட்டைவிட்டு நெடுந்தூரக் கப்பல் பயணத்தில் இருக்கிற தீவு; இந்தத் தீவுகளில் அரசாங்க வேலை பார்க்கிற எல்லோரையும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பயமுறுத்துகிற கேள்வி அது. மாற்றவில்லை. வேலைப் புத்தகத்தில் ஒரு எச்சரிக்கை ஏறியது. எத்வாரியின் பெயர் பட்டியலில் நின்றது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: வெட்டிய புல்லை எழுத்துமூல அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

6

நான் எழுதிக் கொடுத்த விஷயம் எத்வாரிக்குத் தெரிந்த அன்று நானே போய்ப் பேச வேண்டும் என்று நின்றேன். அவர் படிக்கட்டைக் கூட்டிக்கொண்டிருந்தார். மன்னிப்பு என்பதற்கு இந்தியில் என்னவெல்லாமோ வார்த்தை இருக்கிறது. நான் அவற்றை ஒவ்வொன்றாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிராமல் சொன்னார்.

"அன்றைக்கு நான் கேட்டேனே. டாக்டர் முன்னாலே கேட்டேனே. நீ மண்வெட்டி எடுக்கப் போனாய்."

அப்புறம் ஒரு வாக்கியம். "அப்னா காஸ் அப்னே பாஸ் ரக்கோ." உன் புல்லை நீயே வைத்துக்கொள்.

அதோடு பேச்சு நின்றது. பஞ்சவர்ணம் பாம்பூஃப்ளாட்டில் தெரிந்த வீட்டிலிருந்து ஒரு பெட்டைக் குட்டியை வாங்கி, ஃபெரியில் மடியில் வைத்துக்கொண்டு, தனியாகவே எத்வாரி வீட்டுக்குப் போய்வந்தாள். அவளுக்கு இந்தி பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டேன். "டீ குடிச்சோம்" என்றாள். ஆட்டை அவர் வாங்கிக்கொண்டார். என்னோடு பேசவில்லை. தினமும் கேட்டில் பார்த்துக்கொள்வோம். அவர் துடைப்பத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்.

மண்டை ஓட்டு டப்பாவை நான் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்தேன். இனி அடிக்கமாட்டேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர், "ஜனவரி இருபத்தாறுக்குப் பச்சை இருக்க வேண்டும். எப்படி என்பது உன் பாடு" என்றார்.

எப்படி என்பது எனக்கும் தெரியாது. மச்சான் ஊரில் இயற்கை விவசாயம் செய்கிற ஒருவரின் வீடியோக்களை அனுப்பினான். அதில் பாதி நெல்லுக்கு, மீதி வாழைக்கு. புல்லுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாக ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

மருந்து மழையில் கரைகிற வரைக்கும் பொறுத்து, முதலில் மஞ்சள் திட்டுகளைக் கொத்திவிட்டேன். புழு வெளியே வந்ததும் மைனாக்கள் கூட்டமாக இறங்கின. இரண்டு நாளில் கொக்குகளும் வந்தன. நான் பக்கத்தில் நின்றாலும் அவை கவலைப்படவில்லை. ஒரு டப்பா விஷம் செய்யாததை அவை ஒரு வாரத்தில் செய்தன. பிறகு இரும்புக் கம்பியால் லான் முழுக்க, ஒரு சாணுக்கு ஒன்றாகத் துளை போட்டேன். இறுகின மண் மூச்சு விட வேண்டும். அந்தத் துளைகளில் சலித்த மக்கு உரத்தை நிரப்ப வேண்டும். மணல் கலந்தால் நல்லது என்பார்கள். இங்கே கடற்கரை மணலைத் தொட முடியாது, சட்டம். அதனால் வெறும் உரம்தான்.

உரத்துக்குச் சாணி வேண்டும். பாம்பூஃப்ளாட்டில் மாடு வைத்திருக்கிறவரிடம் கேட்டு, காய்ந்த சாணியைச் சாக்கில் கட்டி ஃபெரியில் ஏற்றினேன். முதல் நாள் ஃபெரி ஊழியர் மறித்தார்.

"இது என்ன லக்கேஜ், அண்ணா?"

"கோபர்."

"கோபருக்கு டிக்கெட் போட ரூல் இல்லையே."

"அப்ப போடாதீங்க."

பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். எனக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. நாலு மாதம் அப்படிப் போனேன். வாழ்க்கையில் ஃபெரியில் உட்கார்ந்து போனது அந்த நாலு மாதம்தான்.

விடுதிச் சமையலறைக் காய்கறிக் கழிவு, முட்டை ஓடு, வாதாம் மரச் சருகு எல்லாம் பின்பக்கக் குழிக்குப் போயின. மீன் மார்க்கெட் கழிவை வெல்லத்தோடு சரிபாதி கலந்து மூடி, மூன்று வாரம் வைத்து மீன் அமிலம் எடுத்தேன். அதில் ஒரு தப்பு செய்தேன். வாளித் தண்ணீருக்கு ஒரு சிறு மூடி அளவு ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அவசரத்தில் தாராளமாக ஊற்றினேன். அன்று சாயங்காலம் மாடியில் தங்கியிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். காலையில் வந்து பார்த்தால் போர்ட் பிளேயரின் பூனைகள் எல்லாம் லானில். மூன்று இடத்தில் தோண்டிவைத்திருந்தன.

எல்லாவற்றையும்விடப் பலன் கொடுத்தது ஒரு காசு செலவில்லாத வேலை. மெஷின் பிளேடை உயர்த்தினேன். தரையோடு வழித்துக்கொண்டிருந்ததை மூன்று விரல் உயரத்தில் நிறுத்தினேன். புல் உயரமாக நின்றால் வேர் ஆழமாகப் போகிறது. அதன் நிழலில் கோரை முளைக்கத் திணறுகிறது. மண்ணும் காய்வதில்லை. தண்ணீரையும் தினம் தெளிக்காமல், வாரத்துக்கு இரண்டு காலை, மண் நாலு விரல் ஆழம் நனைகிற வரைக்கும் விட்டேன். கோரையை மட்டும் கையால் கிழங்கோடு எடுக்க வேண்டியிருந்தது. அதற்குக் குறுக்கு வழி எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜனவரி இருபத்தாறு வந்தது. முக்கால்வாசி மூடியிருந்தது. நடுவில் ஒரு கட்டில் அளவு வெறும் மண். மேனேஜர் அதன்மேல் சிவப்புக் கம்பளத்தை விரித்து, அதன்மேல் சமோசா மேஜையைப் போடச் சொன்னார். விருந்து நன்றாக நடந்தது. மேஜையைச் சுற்றித்தான் கூட்டம். மறுநாள் கம்பளத்தை எடுத்துவிட்டு, மிதிபட்டு இறுகிய மண்ணை முதலிலிருந்து கொத்த ஆரம்பித்தேன்.

"உனக்குப் பிடிவாதம்" என்றார் மேனேஜர்.

ஆமாம் என்றேன். ஏப்ரலில் அவருக்கே மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்தது. போகும்போது என் கையைக் குலுக்கி, "அந்தக் கடிதம் நீ எழுதியிருக்க வேண்டியதில்லை. ஆனால் எழுதினாய்" என்றார். பாராட்டா குறையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

7

மே மாத முதல் மழையில் வண்டுகள் வந்தன. அவைதான் முட்டையிட்டுப் புழுவாகிறவை. சாயங்காலம் ஏழு மணி வரை இருந்து, விளக்குக்கு அடியில் சோப்புத் தண்ணீர் வாளியை வைத்துப் பிடித்தேன். மிச்சத்துக்கு மைனாக்கள். ஜூலையில் கட்டில் அளவு வழுக்கையும் மூடியது. ஓரத்திலிருந்து பெயர்த்து நட்ட சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. யூரியாப் பச்சை இல்லை அது, கொஞ்சம் கருத்த பச்சை. மழைத் தண்ணீர் சரிவில் ஓடாமல் உள்ளே இறங்கியது. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் கொஞ்சம் அமுங்கி எழுந்தது. மண்ணைக் கிண்டினால் மண்புழு.

வெட்டிய புல்லைக் கொஞ்சம் லானிலேயே விட்டேன், அதுவும் உரம். ஆனாலும் மழைக்காலத்தில் குவியல் குவியலாக மிஞ்சியது. அது குழிக்குப் போனது. பின்பக்கச் சரிவில் எத்வாரியின் ஆடுகள் கத்துவது எனக்குக் கேட்கும். அவர் ரோட்டோரம் அறுத்து, பஸ் வருகிற வழியில் தலைச்சுமையாகக் கொண்டுவருவதைப் பார்ப்பேன். எங்கள் புல் நல்ல புல், விஷம் கிடையாது என்று போய்ச் சொல்லலாம். எந்த வாயால் சொல்வது? என் வார்த்தையை நம்பித்தானே போன தடவை அறுத்தார்.

அதனால் நான் பேப்பர் வேலை பார்த்தேன். சுற்றறிக்கையில் எழுத்துமூல அனுமதி என்று இருக்கிறது அல்லவா. எத்வாரியின் பெயருக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம். இதையும் நிவேதாதான் எழுதினாள். கடைசித் தேர்வு முடித்து, பெங்களூருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். "காஸ் எடுக்க பர்மிஷன்! அப்பா, ஆபீஸ்ல ஹஸ்வாங்க" என்றாள். ஆபீசில் யாரும் சிரிக்கவில்லை. புல் எந்தப் பிரிவில் வருகிறது என்று கேட்டார்கள். கழிவா, விளைபொருளா? விளைபொருள் என்றால் ஏலம் விட வேண்டும். கழிவு என்றால் கழிவு என்று சான்று வேண்டும். யார் கொடுப்பது? தோட்டப் பொறுப்பாளர். அது யார்? நான். ஆக, நான் வளர்த்த புல் கழிவு என்று நானே சான்று கொடுத்தேன். அதோடு, இந்த லானில் பத்து மாதமாக எந்த மருந்தும் அடிக்கப்படவில்லை, இனி அடிக்கப்படாது என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். நிவேதா அதை எழுதும்போது வினைச்சொல் இரண்டையும் எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

அவள் போன ஆறாவது வாரம் அனுமதி வந்தது. கிளார்க் எத்வாரியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். அவர் வாங்கி மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். மறுநாள் வருவார் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. ஆனால் பிற்பகலில் சில நாள் லானின் ஓரத்தில் அவர் குந்தி உட்கார்ந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். ஒருநாள் ஒரு கைப்பிடி மட்டும் கிள்ளிப் போனார். யாருக்குக் கொடுத்தார், என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

அக்டோபரில் ஒரு காலை. இரவு மழை பெய்து விட்டிருந்தது. புல் கணுக்கால் வரை நனைத்தது. நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் திரும்பினேன். எத்வாரி கிழக்கு ஓரத்தில் உட்கார்ந்து அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நாலைந்து பிடி சேர்ந்திருந்தது. என்னிடம் கேட்கவில்லை. நான் மெஷினை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமா, சொன்னால் என்ன வினைச்சொல் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாக்கை உதறினார். காற்றில் அதன் வாய் மூடி மூடிக்கொண்டது. ஒரு கையில் புல்லை வைத்துக்கொண்டு ஒரு கையால் விரிக்கப் பார்த்தார். முடியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"என்ன நிற்கிறாய், அண்ணா? போரா பக்டோ."

போய்ச் சாக்கைப் பிடித்தேன்.